என் உதட்டைப் படித்தவள்

கழுத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். கூடவே குரலும் போய்விட்டது. டொக்டர் முதலே சொல்லியிருந்தார். குரலுக்குப் போகிற நரம்பைச் சுற்றிக் கட்டி வளர்ந்திருக்கிறது, எடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து, எடுத்தால் குரல் அடைத்துப் போகலாம், பிறகு வரலாம், வராமலும் விடலாம் என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும் என்ற திமிர்.

அந்தத் திமிருக்குக் காரணம் இருந்தது. குருநகரில் எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலம் வந்தால் பசாம் பாடுவோம். இயேசுவின் பாடுகளை அழுகுரலில் இழுத்துப் பாடுவது அது. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்து மறுமொழி பாடுவார்கள். எங்கள் கூட்டத்தில் யாராவது செத்தால், பெட்டியைச் சுற்றி இருந்து அதையே பாடி அனுப்புவோம். என் அம்மாவுக்குப் பிறகு அடி எடுத்துக் கொடுத்தது நான்தான். கடற்கரை வரைக்கும் கேட்கிறது என்பார்கள். கேட்கட்டும் என்றுதான் பாடினேன்.

பின்வேலிக்கு அங்கால் இருந்தவள் என் சிநேகிதி. சிறுவயதில் கோவிலில் முதல் நன்மை வாங்கிய காலத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள் நாங்கள். கூட்டத்திலும் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். சுருதிக்கும் அவளுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆனாலும் நான் அடியை முடிக்கும் முன்பே மறுமொழியைத் தொடங்கிவிடுவாள். மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"என்ரை செத்த வீட்டிலை நீதான் பாடவேணும். வேறை ஆரும் பாடினா எழும்பிப் போடுவன், சொல்லிப்போட்டன்" என்பாள்.

"முதல்லை நீ சா. பிறகு பாப்பம்" என்பேன் நான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றேன், அதே காற்று. என் கணவர் கட்டில் காலடியில் நின்று "என்ன? என்ன வேணும்?" என்று பதறினார். அவள் என் உதட்டையே பார்த்தாள். "தண்ணி கேக்கிறாள் அண்ணை" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பிள்ளைகள் வெளிநாட்டில். கணவர் என் வாயசைவைப் பார்த்து, உப்பைக் கேட்டால் சீப்பைக் கொண்டுவந்து தருவார். அவள் வந்தால்தான் நான் மனிதரோடு கதைத்த மாதிரி இருக்கும். ஓரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர்கள் எல்லாம் "உயிர் தப்பினதே பெரிசு" என்றார்கள். அந்தப் பழத்தாலேயே அவர்களுக்கு எறிய வேண்டும் போலிருந்தது. அவள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. முரல் மீன் சொதியை வேலிக்கு மேலால் நீட்டுவாள். நண்டும் கணவாயும் கிரந்தி, காயம் ஆறாது என்று எனக்குத் தடை போட்டவள், மணம் வந்தால் எனக்கு ஆசை வரும் என்று தன் வீட்டிலும் நண்டு சமைக்காமல் விட்டாள். அவளுடைய மகன்மார் நண்டு பிடிக்கிறவர்கள். அவர்கள் என்ன பாடு பட்டார்களோ தெரியாது.

எனக்கு மாதாவோடு கோபம். கட்டியை எடுத்துவிடு என்று கேட்டேன், குரலைத் தருகிறேன் என்று எப்போது சொன்னேன்? அறையில் இருந்த மாதா சுரூபத்தின் பக்கம் திரும்பாமல் படுத்துக்கிடந்தேன். அது தெரிந்துதான் அவள் எங்கள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பின்னேரங்களில் செபமாலை சொல்ல என் வீட்டுக்கே வந்தாள். மாலையின் பத்துப் பத்து மணிகளுக்கு ஒருவராக முறை வைத்து முன்னுக்குச் சொல்லுவோம், மற்றவர்கள் மறுமொழி சொல்லுவார்கள். என் முறை வந்ததும் எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்தவள் என்னைத் தாண்டித் தான் சொல்லத் தொடங்கினாள். சிநேகிதி மறித்தாள்.

"பொறு. உது அவளின்ரை பத்து மணி."

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"மாதாவுக்குக் காது கேக்கும். எங்களுக்குக் கண் தெரியும். வாயைத் திறந்து சொல்லடி."

அழுதுகொண்டே வாயை அசைத்தேன். அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்து, சரியான இடத்தில் மறுமொழியைத் தொடங்கினாள். மற்றவர்கள் கண்ணை மூடியபடி அவளுக்குப் பின்னால் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் என் பங்கை நான் சொன்னேன். மாதாவோடு கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கம் திரும்பி இருந்தேன்.

தவக்காலத்துக்கு முன்னர் கோவிலில் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுப்பார்கள். இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவையாகப் பிடித்து, கழுத்தில் வைத்து, பங்குச் சுவாமி செபிப்பார். வெட்டின தழும்பில் மெழுகு குளிர்ந்தது. ஆசீர்வாதம் வாங்கி வந்த என்னைச் சிநேகிதி பிடித்துத் திரும்பவும் வரிசையில் விட்டாள். "ஒருக்கால் காணாது" என்றாள். சுவாமி என்னை அடையாளம் கண்டு சிரித்துவிட்டு மறுபடியும் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் நம்பினேன். அவ்வளவு நம்பியிருக்கக் கூடாது.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின கிழமை, காலையில் வழக்கம்போல் சொதிக் கிண்ணத்தைத் தந்தாள். மத்தியானம் திரும்ப, கழுவின கிண்ணத்தில் இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொண்டு போனேன். குசினி வாசலில் சரிந்து கிடந்தாள். கை நெஞ்சில் இருந்தது. நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த வளவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, ஒரு சனமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கைக்கு ஓடிப் போய், சைக்கிளில் போன ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் பழைய குரல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நெஞ்சடைப்பு, உடனேயே போயிருப்பாள் என்று டொக்டர் சொன்னார். அது என் மனதுக்குப் போய்ச் சேரவில்லை.

பெட்டியைக் கோவிலுக்கு எடுப்பதற்கு முன், எங்கள் கூட்டம் சுற்றிவர இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் வயது குறைந்தவள் குனிந்து, "மாமி, நான் தொடங்கட்டோ?" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பாடச் சொல்லிக் கேட்டு வைத்தவள் என்னைத்தானே கேட்டு வைத்தாள்.

வாயைத் திறந்து முதல் அடியைப் பாடினேன். காற்றில்தான், ஆனால் முழுதாக, ஒரு இழுப்பும் விடாமல் பாடினேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். மறுமொழி வரவில்லை. நான் முடித்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. மறுபடியும் பாடினேன். என் வாயைப் பார்த்தபடி அழுதார்களே தவிர, ஒருத்தியும் தொடங்கவில்லை. எப்போது தொடங்குவது என்று தெரிந்த ஒருத்தி பெட்டிக்குள் கிடந்தாள்.

கடைசியில் வயது குறைந்தவள் பொறுக்க முடியாமல் அடியை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சுருதி பிசகாமல் அழகாகத்தான் பாடினார்கள்.

நான் எழும்பிப் போய்ப் பெட்டியில் குனிந்து, அவளுடைய காதோடு வாயை வைத்து முதலில் இருந்து பாடினேன். அவ்வளவு கிட்டத்தில் காற்றே போதும். ஒவ்வொரு அடி முடிவிலும் அவளுக்காக நிறுத்தினேன். எனக்குப் பின்னால் வேறொருத்தி அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழும்பிப் போடுவன் என்று சொன்னவள் எழும்பவில்லை.