மூடியைத் திறந்தது நானில்லை

ரேடியேட்டர் மூடியை நான் திறக்கவில்லை. தொடக்கூட இல்லை. இத்தனை வருடம் கழித்து, சொந்தமாகக் கார் வாங்கி ஓட்டுகிற இந்த வயதிலும், அதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நான் ஐந்தாவது படித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா, அதாவது என் அத்தையின் கணவர், தன் பழைய டீசல் காரை அப்பாவின் தலையில் கட்டினார். அதற்கு முந்தின ஒரு வருடமாக அத்தை ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். எனக்குத் தெரிந்து அத்தைக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. கார் எங்கள் வாசலுக்கு வந்த அதே வாரம் அத்தை துணிமணிகளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வந்த நாளிலிருந்து அந்தக் கார் தண்ணீர் குடித்தது. அப்பா ஊற்றிய பச்சை நிறக் கூலன்ட் எங்கே போயிற்று என்று தெரியாது. மறுநாள் பார்த்தால் அளவு இறங்கியிருக்கும். காருக்கு அடியில் தரை நனைந்திருக்கும். அப்பா சும்மா இருந்திருக்கலாம். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, மூடியத் திறந்தியா?" என்றார். இல்லை என்றேன். "நீதான் திறந்திருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தாயிற்று.

இத்தனைக்கும் அப்பா பஞ்சாலையில் பிட்டர். எந்த மிஷினில் எங்கே சத்தம் வருகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார் என்று பெயர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கிற காரில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாதாம், பத்து வயதுப் பிள்ளைமேல் பழி போடுவாராம்!

இது போதாதென்று மஞ்சள்பொடி வேறு. அடுக்களை டப்பாவில் மஞ்சள்பொடி குறைந்துகொண்டே வந்தது. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "மூஞ்சில பூசி விளையாடுதியாக்கும்? சாம்பாருக்கு எம்புட்டு இருக்குன்னு பாரு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பொடியை ரேடியேட்டரில் கொட்டியது அவர்தான். எங்கள் பக்கத்து டிரைவர்கள் செய்கிற வைத்தியம் அது. ரேடியேட்டரில் ஊசித்துளை இருந்தால் மஞ்சள் போய் அடைக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? பக்கத்தைப் புரட்டினார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யார் திருடன் என்று நானே கண்டுபிடிக்கிறேன் பார் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம், என்ஜின் ஆறிக் கிடந்த நேரத்தில், பழந்துணியால் அடிப்பக்கத்துக் குழாய்களையெல்லாம் துடைத்தேன். என்னுடைய முகப் பவுடரை எடுத்து அவற்றின்மேல் தாராளமாகத் தூவினேன். அப்பா காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பி, உள்ளே காபி குடிக்கப் போனதும், டார்ச்சோடு அடியில் புகுந்தேன். எல்லா இடத்திலும் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்து ரப்பர் ஹோஸில் மட்டும் ஈரக்கோடு ஒன்று பவுடரை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது.

அந்த இடத்தை உற்றுப் பார்த்தேன். ஹோஸ் கிழிந்திருந்ததை மறைக்க, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி, தெரியாமலிருக்க மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கம்பியெல்லாம் துருப்பிடித்திருந்தது. கார் எங்களிடம் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இது யார் கட்டிய கட்டு என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். கிழிந்த ஹோஸை மஞ்சள்பொடி என்ன செய்யும்? ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "இத யார்ட்டயும் சொல்லப்படாது, கேட்டியா? போய்ப் படி" என்றார்.

ஏன் சொல்லக்கூடாது? நான் பட்ட அடிக்கு யார் பதில் சொல்வது?

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அத்தைக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டு போனோம். காரின் மேலே கரும்புக்கட்டு, உள்ளே வெண்கலப் பானை, மஞ்சள் குலை, அரிசி, வெல்லம், இவற்றுக்கு நடுவில் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை தாண்டும்போதே என்ஜின் சூடேறி முன்பக்கம் ஆவி கிளம்பியது. மடவார் வளாகத்தில் மாமா வீட்டு வாசலில் போய் நின்றபோது, ஏதோ வேள்வி நடக்கிற மாதிரி புகைந்துகொண்டிருந்தோம்.

மாமாவின் அண்ணன் தம்பிகள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "எங்கையில இருந்தவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல மச்சான். ஒங்க வீட்டுக்கு வந்ததும் என்னாச்சு?"

அப்பா சிரித்தார். கூசாமல் சிரித்தார். "எல்லாம் இவ வேலதான் மாப்ள. சும்மா சும்மா மூடியத் திறந்து பாக்கா. திருப்பி மூடத் தெரியல."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தைகூட, தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றபடி, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "பொய்!" என்று கத்தினேன். "நான் தொறக்கல. கீழ ஹோஸு கிழிஞ்சிருக்கு. சைக்கிள் டியூப் சுத்தி, கம்பி கட்டி, பெயிண்ட் அடிச்சிருக்கு. நாங்க கட்டல. மாமாதான் கட்டி ஏமாத்தி வித்திருக்காக. வேணும்னா குனிஞ்சு பாருங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். "அட, ஆமாய்யா" என்றார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பொங்கல்படியை இறக்கி வைத்தோம், யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளலில் கன்றிப்போயிற்று. திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் மரியாதையா என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் காரை அப்பா தெரிந்தேதான் வாங்கினார் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாமாவுக்குக் கார் தொலைய வேண்டும், அப்பாவுக்குத் தங்கை வாழ வேண்டும். மாமா வருகிறபோதெல்லாம் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார். அங்கே புது ஹோஸ் ஒன்று கண்ணில் பட்டால், நீ என்னை ஏமாற்றினாய் என்று முகத்துக்கு நேரே சொன்னது போல. அதனால் மஞ்சள்பொடி, அதனால் நான். பெரியவர்களின் இந்த ஏற்பாட்டை என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தால், ஆயிரம் தடவை நான்தான் மூடியைத் திறந்தேன் என்று சொல்லியிருப்பேனே! யாருக்குச் சொல்லத் தோன்றியது?

பொங்கல் முடிந்த மறுவாரம் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பெரிய பை, கூடவே ஒரு டிரங்குப் பெட்டி. நான் குதித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். "எத்தன நாள் இருப்பீக அத்தை?" என்று கேட்டேன். "இருப்பேன்டி" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அப்பா புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்தார். பழைய கட்டை அறுத்துப் போட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் வேலையை முடித்தார். கூலன்ட் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டார். நான் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கித் தூவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் என் பேச்சைக் கேட்டுத்தானே ஆகவேண்டி வந்தது! உள்ளே ஓடினேன். அத்தை பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து எங்கள் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, புது ஹோஸு மாட்டியாச்சு. நான் சொன்னதுதான சரி?" என்று கேட்டேன்.

அத்தை கையிலிருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவினாள். "ஆமாட்டி தங்கம், நீ சொன்னதுதான் சரி" என்றாள். நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.