ஆளில்லாத முனையிலிருந்து திரும்பின அலை

கேபிள்காரன் சொன்ன நேரத்துக்கு வாறேல்லை எண்டு திட்டாத வீடு மொன்றியலில இல்லை. நீங்களும் லீவு போட்டுட்டு, யன்னலடியில நிண்டு திட்டியிருப்பியள். அந்த நேரம் நான் பக்கத்து வீட்டில, என்ன பிழையெண்டு விளங்காமல் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டிருப்பன். இரண்டாயிரங்களின்ட தொடக்கம் அது. நான் வேலைக்குப் புதுசு, தற்காலிகம். திருத்தின வீடு திருப்பிக் கூப்பிட்டால் என்ர பேர் கெடும். கெட்டால் வேலை போயிடும். வேலை நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர மனிசியை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிடலாம்.

செய்தி வாசிக்கிறவரின்ட நிழல்

பார்க் எக்ஸ்டென்ஷனில மூண்டாம் மாடி, தவமக்கா வீடு. ரீவியில செய்தி வாசிக்கிறவரின்ட முகத்துக்குப் பக்கத்தில மெல்லிசா இன்னொரு முகம் தெரிஞ்சுது. எனக்குச் சந்தோசத்தில பெரிய புழுகம். புத்தகத்தில படிச்சதை இப்பத்தான் கண்ணால பாக்கிறன்.

கேபிள் வயர் துவக்கத்தில இருந்து முடிவு மட்டும் ஒரே சீரா இருக்கோணும். எங்கயாவது நசிஞ்சால், மூட்டு இளகினால், வாற அலைக்கு அந்த இடம் ஒத்துவராது. ஒரு பங்கு அங்கால போகும், மிச்சம் வந்த வழியே திரும்பும். திரும்பினது சுத்திச் சுழண்டு கொஞ்சம் பிந்தி ரீவிக்கு வந்து சேரும். அந்தப் பிந்தி வந்ததுதான் நிழல். இதை நான் தவமக்காவுக்கு ஆற அமர விளங்கப்படுத்திக்கொண்டே மூட்டுகளை மாத்தினன். அவ தேத்தண்ணியைத் தந்துபோட்டுச் சொன்னா:

"விளக்கம் நல்லாயிருக்குத் தம்பி, ஆனா அந்த மனிசனுக்கு இன்னும் ஒரு பக்கத்தில ரெண்டு காது."

கலண்டர் ஆணி

நிழல் கொஞ்சம் குறைஞ்சது எண்டு நானே என்னை ஆறுதல்படுத்திக்கொண்டு போனன். அடுத்த கிழமை தவமக்கா திருப்பிக் கூப்பிட்டா. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினன்.

எங்கட ஆக்களின்ட வீட்டில கலண்டருக்குக் குறைவில்லை. கோயில் கலண்டர், பலசரக்குக்கடைக் கலண்டர், இன்சூரன்ஸ்காரரின்ட கலண்டர். அதுகளின்ட ஆணி ஏதோ வயரில ஏறியிருக்கு எண்டு ஒவ்வொண்டாக் கழட்டிப் பாத்தன். ஒண்டும் அகப்படேல்லை. மிஞ்சினது ஒரு அறை. முந்தி அவவின்ட தம்பி குடும்பம் இருந்தது; அவையள் ரொறன்ரோவுக்குப் போனாப்பிறகு சாமியறையாக்கியிருந்தா. மத்தியானம் கோழிக்கறி சாப்பிட்ட வாயோட உள்ள போக எனக்கு மனம் வரேல்லை, வாசலில நிண்டு எட்டிப் பாத்தன். அங்க ரீவியும் இல்லை. அவவும் அதைத்தான் சொன்னா:

"சாமியறையில ஒரு பிழையும் இராது தம்பி, நீர் குசினிப் பக்கம் பாரும்."

ரெஜானின்ட பெட்டி

பிறகும் கூப்பிட, என்ர மேலாளர் ரெஜான் தானே வந்தார். கியூபெக் மனிசன், கதை குறைவு. என்னை வச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டு முடிவெடுக்கிறவர் அவர்தான். படியேறேக்க எனக்கு மனிசியின்ட முகம்தான் கண்ணுக்குள்ள நிண்டுது.

அவரிட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வயருக்குள்ள ஒரு துடிப்பை அனுப்பும். அது திரும்பி வர எடுக்கிற நேரத்தை வச்சு, எவ்வளவு தூரத்தில பிழை எண்டு சொல்லும். அதைவிட வடிவான விசயம் ஒண்டு இருக்கு. உள்கம்பி வெளியுறையோட முட்டிக்கிடந்தால் அலை தலைகீழாத் திரும்பும், திரையில கோடு கீழ விழும். முனை ஒண்டோடயும் சேராமல் சும்மா கிடந்தால், சக்திக்குப் போக இடமில்லை, வந்தபடியே திரும்பும், கோடு மேல எழும்பும். தவமக்கா வீட்டில கோடு மேல எழும்பிச்சுது. தூரத்தை அளந்துகொண்டு போக, சாமியறைக்குள்ள போய் நிண்டுது.

நான் ஏன் அங்க போகேல்லை எண்டு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில சொன்னன். அவர் அலுமாரிப் பக்கம் கையைக் காட்டினார். தவமக்காவே சாமிப் படங்களை இறக்கி அலுமாரியைத் தள்ளினா. பின்னால ரீவி வயரில இருந்து பிரிஞ்சு வந்த ஒரு வயர்ச் சுருள், முனை வெறுமையா. தம்பியார் ரீவியைக் கொண்டு போயிட்டார், வயரை விட்டுட்டுப் போயிட்டார். ரெஜான் அந்த முனையில நகமளவு மூடி ஒண்டைத் திருகினார். அதுக்குள்ள இருக்கிற சின்னத் தடை, வாற அலையை அப்பிடியே உறிஞ்சிச் சூடாக்கி முடிச்சிடும். ரீவிக்காரருக்கு மற்றக் காது போயிட்டுது. நான் பயத்தோட பின்னால இறங்கினன். வாசலில வச்சுத்தான் ரெஜான் பிரெஞ்சில சொன்னார்:

"அடுத்த முறை கோழி சாப்பிட்டிருந்தால் என்னைக் கூப்பிடு, நான் மரக்கறிதான் சாப்பிடுறனான்."

தொலைபேசி அட்டை

பேந்து ஒரு நாள் ரெஜான் என்ர வேலை நிரந்தரம் எண்டு சொன்னார். நேர மூலைக்கடைக்கு ஓடி அட்டை வாங்கி மனிசிக்கு போன் எடுத்தன். அந்த அட்டைகளின்ட கரைச்சல் உங்களுக்கும் தெரியும்: சொன்னது கொஞ்சம் பிந்தி என்ர காதுக்கே வரும். பிழை இஞ்ச இல்லை. நெடுந்தூர லைன் ஊர் லைனோட சேர்ற இடம் ஒத்துவராமல் குரலில ஒரு பங்கு திரும்புது. வேலை நிச்சயமில்லாத காலம் முழுக்க, "எல்லாம் சரிவரும்" எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டு, அதை நானே திருப்பிக் கேட்டுக்கொண்டு நிண்டனான். எனக்கே நம்பிக்கை இல்லாத குரல். வெக்கமாயிருக்கும்.

அண்டைக்கு, "வேலை நிரந்தரமாச்சு, ஸ்பொன்சருக்குப் போடுறன்" எண்டன். என்ர குரல் திரும்பி வந்தது. அதுக்குப் பின்னால அவ மூக்கை உறிஞ்சுறது கேட்டுது. கேட்டா:

"அப்ப பனிக்குள்ள போடுற சப்பாத்து இஞ்ச வாங்கிறதோ, அங்க வாங்கிறதோ?"

இப்ப அவ வந்து கன காலம், நான் சொல்லுறது ஒண்டும் திரும்பி வாறேல்லை, எல்லாத்துக்கும் பதில்தான் வருது.