தப்புக்கும் ஒத்திகை

மேகலாவுக்கு முதலில் குமட்டியது விடைத்தாள்களைப் பார்த்துத்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு சி புரோகிராமிங் எடுத்தாள். புரோகிராமை மனப்பாடம் பண்ணி, ஒரு அரைப்புள்ளி விடாமல் தாளில் கொட்டியிருந்தார்கள். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், வகுப்பே முழித்தது.

அந்தப் பொங்கல் லீவில், வலங்கைமான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோவாகத் தமிழில் எடுத்தாள். வெளியே அறுவடை மெஷின் வந்துவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எழுதி, ஓட்டி, தப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதலில் பாதிப் பேர் பார்க்காமலே வந்தார்கள். போகப் போக வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஒரத்தநாட்டிலிருந்து வரும் பரிதி வாயே திறக்காதவன். ஒருநாள் எழுந்து, "மேம், இந்த லூப் ஒரு தடவை கூடுதலா ஓடுது. நீங்க போட்டதுதான் தப்பு" என்றான். சரியாகத்தான் சொன்னான். அன்று பஸ்ஸில் மேகலா தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

முதல்வர் இராஜாங்கத்துக்கு விஷயம் தெரிந்தது. வீட்டில் பாடம், வகுப்பில் பயிற்சி என்ற இந்த முறையை 'ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அவள் முகத்தோடு, கும்பகோணம் ரோட்டில் பிளெக்ஸ் வைத்தார். அடுத்த வருஷம் மூன்று செக்‌ஷனையும் ஆடிட்டோரியத்தில் ஒன்றாகப் போட்டு, மற்றப் பிரிவுகளுக்கு அதே பாடம் எடுத்த சேரனை வேலையை விட்டு நிறுத்தினார்.

மேகலா நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சேரனை எதுக்கு சார் அனுப்புனீங்க?"

"அதான் வீடியோ இருக்கேம்மா. ஒரே பாடத்துக்கு எதுக்கு இத்தனை பேரு?"

"வீடியோ பெருசில்ல சார். பசங்க தடுமாறும்போது பக்கத்துல நிக்க ஆள் வேணும். அதுதான் வகுப்பு."

"நீங்களே ஆரம்பிச்சிட்டு நீங்களே குறை சொன்னா எப்படி? பிஸ்கட் எடுத்துக்குங்க."

பிஸ்கட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டில் சேரனைப் பார்த்தபோது அவர், "உங்க மேல கோவம் இல்லங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆடிட்டோரியத்தில் பின்வரிசை தூங்கியது. வீட்டில் வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். அப்போதுதான் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் ஆய்வுக் குழு வரப்போகிறது என்றார்கள். நன்றாகப் பேசும் பிள்ளைகளைப் பொறுக்கி, இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்ட பரிதியையும் கூட்டிவந்து, இராஜாங்கமே ஒத்திகை நடத்தினார். "நீ தப்பா சொல்லு. அவன் திருத்துவான். உடனே எல்லாரும் பேசணும்."

"இதுல நான் இருக்கமாட்டேன் சார்" என்று மேகலா சொல்லிப் பார்த்தாள். "சும்மா ஓரமா நில்லுங்க, போதும்" என்றார் அவர். நின்றாள்.

குழு வந்த அன்று பரிதி எழுந்து, யோசிப்பதுபோல் தலையைச் சொறிந்து, தப்பைச் சொன்னான். இன்னொருவன் திருத்தினான். குழு கைதட்டியது. எல்லாம் முடிந்து பரிதி ஓடிவந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"மேம், நல்லா தப்பு சொன்னேனா?"

"போப்பா" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

செமஸ்டர் முடிந்ததும் வேலையை விட்டாள். தன் வீடியோக்களை அழித்துவிடச் சொன்னாள். "அது காலேஜோட சொத்தும்மா" என்றார் இராஜாங்கம். அவள் குரல் இன்னும் அங்கே ஓடுகிறது.

இப்போது திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இருக்கிறாள். வீடியோ எடுக்கமாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். முன்னாடியே படித்துவர ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கிறாள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். ஆனால் யாராவது எழுந்து தப்பாகச் சொன்னால், நிஜமாகத்தான் சொல்கிறானா என்று ஒரு கணம் அவன் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். இந்தப் புத்தி தனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று நினைத்தால், அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.