உப்புத்தாள் பிடித்த விரல்கள்

கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்களில் அவர் கெட்டிக்காரர். நசுங்கி வந்த வண்டியை, நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல ஆக்கி அனுப்பிவிடுவார். தன் முகத்தைப் பற்றி மட்டும் ஐம்பதை நெருங்கும்வரை அவருக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. கைக்குக் கிடைத்த சோப்பைப் போடுவார். அது துணி சோப்பாக இருந்தாலும் முகம் புகார் சொன்னதில்லை.

கெடுத்தது ஒரு போட்டோ. அவர் மனைவி பல வருடம் யார் யாருடைய அழகு நிலையத்திலோ நின்று புருவம் திருத்தியவள். கடைசியில் வீட்டின் முன்னறையையே தன் சொந்தக் கடையாக மாற்றிக்கொண்டாள். வாசல் போர்டுக்குப் படம் எடுக்க வந்தவனிடம், "அவர் வேண்டாம், நான் மட்டும் போதும்" என்றாள். பெண்கள் மட்டும் வரும் கடைக்கு ஆண் படம் எதற்கு என்று அவள் நினைப்பு. புதுச் சட்டை மாட்டி, தலைவாரி, பக்கத்தில் வந்து நின்றவருக்கு அதெல்லாம் தோன்றவில்லை. எதையோ தேடி வந்தவர்போல அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நேரே கண்ணாடிக்குப் போனார். பிரைமர்கூடக் காணாத பம்பர் ஒன்று அவரைத் திருப்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து குளியலறைத் தாழ்ப்பாள் அதிக நேரம் விழுந்து கிடந்தது. மனைவியின் டப்பாக்களைத் துண்டில் சுருட்டிக்கொண்டு உள்ளே போவார். கேட்டிருந்தால் அவளே சொல்லிக் கொடுத்திருப்பாள். ஆனால் ஊரார் முகத்தையெல்லாம் பார்க்கிறவளிடம், 'என் முகத்தையும் கொஞ்சம் பாரேன்' என்று எந்த வாயால் கேட்பது? அதைவிடத் திருடுவது கௌரவமாகப் பட்டது.

எதை எப்போது போட வேண்டும் என்று டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது. தொழில் தெரிந்தவர் அதையெல்லாம் படிப்பாரா? பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுக்காமல் புதுசு ஒட்டாது. ஆகவே, மணல் மணலாக இருந்த ஸ்க்ரப்பை எடுத்து, உப்புத்தாள் பிடிக்கிற அதே விரல்களால், கன்னத்தில் வட்டமாகவும் மூக்கின் வளைவில் ஜாக்கிரதையாகவும் தினமும் தேய்த்தார். பிறகு சீரம். அதன் மேல் க்ரீம் ஒரு கோட், காய்ந்ததும் இன்னொரு கோட். முகம் எரிந்தபோது, 'பிடிக்குது' என்று திருப்திப்பட்டார். சிவந்தபோது, பழசு போகிறது என்று சந்தோஷமே பட்டார்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?" என்றாள் மனைவி.

"தின்னர் காத்து."

பட்டறையில் நசுங்கலைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை பார்ப்பவன் விடவில்லை. "என்னண்ணா, வீட்ல அடி பலமா?"

"வெயில்டா. வேலையப் பாரு."

கடை திறக்கும் நாள் வந்தது. இன்றாவது பளபளக்க வேண்டும் என்று விடிந்ததும் கூடுதலாகவே தேய்த்தார். துண்டால் ஒற்றியபோது துண்டோடு தோலும் கொஞ்சம் வந்தது. செதில் செதிலாக உரிந்து நடுவில் ரத்தச் சிவப்பு. சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவு செய்தார்.

"ஏங்க, ஒரு நாற்காலி கொண்டாங்க!"

நாற்காலியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். ஆனால் நாற்காலி என்றால் கீழே வைத்துத்தானே ஆக வேண்டும்?

"ஐயையோ, என்ன தம்பி இது!" என்றார் எதிர்வீட்டு அம்மா. பிறகு மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உன் க்ரீமாம்மா?"

ரேடியேட்டர் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள், கழுத்தில் துண்டோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்த டீச்சர், மேஜையில் திறந்திருந்த ஸ்க்ரப் டப்பாவை முகர்ந்தார். "இதே வாசனைதான் அவர் மேலயும் வருது."

டீச்சரின் கை துண்டின் முடிச்சைத் தேடியது. மனைவி கையில் பிடித்திருந்த கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். அந்தத் துண்டு அவிழ்ந்தால் கடையும் அதோடு போகும் என்று அவருக்குப் புரிந்தது.

"அவ போட்டு விடலைங்க" என்றார். "அவளுக்குத் தெரியவே தெரியாது. நானாத்தான், திருட்டுத்தனமா… தினமும் தேச்சேன். வண்டிக்குத் தேய்க்கிற மாதிரி."

"எதுக்குண்ணா?" என்றார் டீச்சர்.

அவர் நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொஞ்சம் பாக்குற மாதிரி இருக்கலாமேன்னு."

அறையே சிரித்தது. எதிர்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் சிரித்தபடியே முடிச்சை இறுக்கிக்கொண்டு சாய்ந்தார். அவர் சமையலறைக்குத் திரும்பியபின்னும் யாராவது புதிதாக வந்தபோதெல்லாம், "அந்த அண்ணனக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்" என்ற குரல் கேட்டது. எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு மாதிரி வேண்டுமல்லவா! கடை அமோகமாக நடந்தது.

சாயங்காலம் மனைவி ஈரத்துணியை அவர் கன்னத்தில் வைத்தாள்.

"வாரத்துக்கு ஒரு தடவை போடுறதுங்க அது. யாருக்காக இந்தக் கூத்து?"

"போர்டுல நான் வேண்டாம்னு சொன்னியே."

துணி அப்படியே நின்றது. "அது பொம்பளைங்க வர்ற கடைங்க. உங்க படத்தப் பாத்தா யாரு உள்ள வருவா?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அதுவரை சிவக்காமல் மிச்சமிருந்த காதுகள் இரண்டும் அப்போது சிவந்தன. அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இதையுமா தேச்சீங்க?"