எள்ளுக்கு மட்டும் ஆகிற கை

என் கைக்கு ராசியில்லை என்று தீர்ப்புச் சொன்னவர் என் மாமி, கணவரின் தாய். அதற்கு அவருக்கு ஒரே ஒரு போகம் போதுமாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் பளையிலிருந்து கலியாணம் முடித்துக் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்தேன். வயல் பரவாயில்லை. மேட்டுக்காணி முழுக்கக் கோரை. பிடுங்கினால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். அயலில் யாரோ சொல்லக் கேட்டு, என் கணவர் வெயில்காலச் சிறுபோகத்தில் அங்கே எள்ளு விதைத்தார். எள்ளு நின்ற இடமெல்லாம் கோரை வெளிறி ஒடுங்கிப் போனது.

அந்தச் சந்தோசத்தில் மாமிக்கு ஒரு யோசனை வந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் இலைகுழையைப் பசளையாக மண்ணுக்குள் தாழ்த்திப் பழகிய சனம் நாங்கள். ஓர் இலையை எரிக்கவும் மனம் வராது. எள்ளை உதறி எடுத்த பிறகு, செடி முழுவதையும் அந்த மண்ணிலேயே தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தினோம். கிணற்றடித் துண்டுக்கு மட்டும் தாழ்த்தச் செடி போதவில்லை.

மழை விழுந்ததும் இறுங்குச் சோளம். புதிதாக வந்த பெண் முதல் பிடி போடுவது அந்த வீட்டு வழக்கம். திருநீறு பூசிக்கொண்டு, கிணற்றடியில் நின்று நான் போட்டேன். மிச்சத்தை என் கணவர் விதைத்தார். அவர் விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. முளைத்தது முழங்காலோடு நின்று மஞ்சளித்தது. கிணற்றடியில் மட்டும் ஆளுயரம்.

"முதல் பிடி போட்ட கை சரியில்லை," என்றார் மாமி.

"என்ர பிடி விழுந்தது கிணத்தடியில, மாமி. அங்க நல்லாத்தானே நிக்குது?"

"அது கிணத்து ஈரம். வந்து ஒரு வருசமில்லை, எதிர்க்கதை."

என் கணவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு இறங்கினார்.

அதன் பிறகு நான் விதை தொடக்கூடாது. விதைநெல்லை வரம்புவரை சுமக்கலாம், பனையோலைக் கடகத்துக்குள் கை விடக்கூடாது. மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம், நடக்கூடாது. அயலில் வெங்காயம் நடுகிற நாளில் நான் வேலிப் படலையைத் திறந்தாலே முகங்கள் மாறின. களை பிடுங்க மட்டும் என் கை யாருக்கும் குற்றமாகப் படவில்லை.

மூன்றாம் வருசம் விவசாயக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் காணி பார்க்க வந்தார். என் கணவர் அந்த இறுங்குக் கதையைச் சொன்னார்.

"எள்ளுச் செடியை மண்ணுக்கை தாட்டனீங்களோ?" என்று கேட்டார் அவர். "எள்ளு கோரையை அமத்திறதே அதின்ர சாறு மண்ணுக்கை இறங்கித்தான். செடியைத் தாட்டால் இன்னும் இறங்கும். பிறகு அது கோரை எண்டும் பாராது, இறுங்கு எண்டும் பாராது."

தேத்தண்ணியோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தாழ்த்தச் சொன்ன மாமி கதிரையில் சாய்ந்து இருந்தார். அவர் முகத்தையே பார்த்தேன்.

"அது சரி, தம்பி," என்றார் மாமி. "எள்ளு ஊரெல்லாம் விதைக்கினம். இவள் கை வைச்ச வருசம்தானே அது வேலையைக் காட்டினது?"

வந்தவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். என் கணவர் "ஓம்" என்றார். யாருக்குச் சொன்ன ஓம் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

அடுத்த மாரியில் கோரை திரும்பவும் தலைகாட்டியது. சிறுபோகத்துக்கு எள்ளு போடுவதென்று முடிவானது. விதைக்கிற அன்று காலை மாமி கடகத்தைத் தானே தூக்கிக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு வந்து என்னிடம் நீட்டினார். என் புத்தி கெட்ட மனம் குளிர்ந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"முழுக்க நீயே போடு, பிள்ளை," என்றார். "அழிய வேண்டியதுக்கு உன்ர கைதான் திறம்."

விதைத்தேன். கோரை செத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சிறுபோகத்திலும் எள்ளு விதைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.