திகனவில் உறைபனி

இன்று காலை பக்கத்து வீட்டு நானா தன் நீச்சல் குளத்தை நீலத் தறப்பாளால் மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன நானா இது?"

"நுவரெலியாவுல புல்லெல்லாம் உறஞ்சி வெள்ளையாப் பெய்த்தாம், தங்கச்சி. இங்க திகனவுக்கும் வரும். தண்ணி உறஞ்சா டைல் வெடிக்கும்."

சொன்னவருக்குப் பெனியன் நனைய வியர்த்திருந்தது. பம்ப் பழுதாகி மூன்று மாதமாகப் பச்சையாய்க் கிடக்கும் குளத்தின் மேல் இன்றைக்குத்தான் அக்கறையா? என் மகள் போன மாதம்தான் டெங்குவில் கிடந்து எழும்பினாள்.

பத்து மணிக்கு வீடு வீடாக டெங்கு நுளம்பு தேடும் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். நானா அவருக்கும் அதே உறைபனிக் கதையைச் சொன்னார். அவரும் தலையாட்டிவிட்டு கேட்டை நோக்கி நடந்தார்.

தறப்பாளுக்கடியில் ஒரு தவளை கத்தியது.

போனவர் திரும்பி வந்தார்.

உங்கள் பக்கமும் பி.எச்.ஐ. வருகிற நாளில்தான் உறைபனி விழுகிறதா?