கடைசி ஆளாக நடப்பவள்

மலைமேல் தேவனூர் நாட்டில் ருக்குமணியைப் பற்றிக் கேட்டால் முதலில் பிடிவாதக்காரி என்பார்கள், அப்புறம்தான் நல்லவள் என்பார்கள். இரண்டும் உண்மை. அவள் புருஷன் தனபாலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட வருஷம் மிளகு பறிக்க ஆள் கிடைக்கவில்லை. கொடி படர்ந்த மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். ஒற்றை மூங்கிலைச் சாத்தி அதில் ஏறுவது ஆம்பிளைகள் வேலை என்பது அங்கே எழுதாத சட்டம். ருக்குமணி புருஷனின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். கீழே கூடியவர்கள் விழுந்துடாத, விழுந்துடாத என்று கத்தினார்கள். "சும்மா நிக்கறவங்க கூடையப் புடிங்க" என்றாள் மேலே இருந்து. அந்த வருஷம் ஒரு கொத்துக்கூட மரத்தில் நின்று வீணாகவில்லை.

அவளுக்குப் பிள்ளைகள் மூன்று. பத்து வயது வனிதா, ஏழு வயது பூபதி, ஐந்து வயது சுமித்ரா. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போக ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மரவள்ளிக் காடு, இன்னொரு பக்கம் சரிவு. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். அதனால் மலையில் எல்லோரும் வரிசையாகத்தான் போவார்கள். ருக்குமணி வீட்டு வரிசை மாறவே மாறாது. வழி பார்க்க வனிதா முன்னால், அடுத்து சுமித்ரா, அவளுக்குப் பின்னால் பூபதி, கடைசியில் ருக்குமணி. கடைசியில் நடந்தால்தான் எல்லாத் தலையும் கண்ணில் படும் என்பாள்.

இன்னொரு கட்டளையும் உண்டு. முன்னால் போனவர் தனியாகிவிட்டால், அடுத்து பாதை பிரிகிற இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் வந்து எழுப்பும்வரை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. ஒருவரை ஒருவர் தேடி அலைந்தால் பொழுதுதான் போகும். குரல் எட்டாத எதிர்ச் சரிவில் ஆள் இருந்தால், உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு தரம் அமுக்கிக் காட்டுவாள். உட்காரு என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இது நடக்கப் பழகும்போதே பழகிப்போன விஷயம்.

போன மே மாதம் இந்த மூன்றையும் கூட்டிக்கொண்டு ருக்குமணி மெட்ராஸ் போனாள். சைதாப்பேட்டையில் தனபாலின் அக்கா ராதிகா இருக்கிறாள். வாங்க வாங்க என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனபாலும் வருவதாகத்தான் இருந்தது. கிளம்புகிற வாரம் பார்த்து மாடு கன்று போடும் நிலைக்கு வந்துவிட்டது. "இன்னொரு நாளைக்குப் போயிக்கலாம்" என்றான். பிள்ளைகள் மூன்றும் கடல் பார்க்கப் போவதாகச் செம்மேட்டுச் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். ருக்குமணியும் முப்பத்திரண்டு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மலை வளைவுகள் இறங்கி முடிப்பதற்குள் சுமித்ரா மூன்று தரம் வாந்தி எடுத்தாள்.

மெட்ராஸில் மூன்று நாள் டிவி பார்த்தார்கள். அவ்வளவுதான். ராதிகாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அவள் வீட்டுக்காரர் கருப்பண்ணன் தண்ணி லாரி ஓட்டுகிறவர். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரர், நல்ல மனுஷன், ஆனால் நாளைக்கு என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பதில் வராது. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன், நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் என்றே மூன்று நாளை ஓட்டிவிட்டார். நாலாம் நாள் ராத்திரி பஸ்ஸுக்கு ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருந்தது. அன்றைக்குக் காலையிலும் லாரிச் சாவியை எடுத்தார்.

"இன்னிக்கும் லோடு இருக்குதும்மா. அடுத்த வருசம் வாங்க, கட்டாயம் கூட்டிட்டுப் போறேன்."

"நானே கூட்டிட்டுப் போயிக்கறனுங்க" என்றாள் ருக்குமணி.

கருப்பண்ணன் சிரித்தார். "இது நம்ம மலை இல்ல. கூட்டத்துல புள்ளைங்க கையப் புடிச்சுட்டே போகோணும். புள்ளைங்க மூணு, உனக்கு இருக்கறது ரெண்டு கை."

"நம்மூர்ல யாருங்க கையப் புடிச்சு நடக்கறாங்க? வரிசையாப் போயிக்குவோமுங்க."

அவர் வெளியே போய்ச் செய்த முதல் காரியம் தனபாலுக்குப் போன் போட்டதுதான். அடுத்த நிமிஷம் ருக்குமணியின் போன் அடித்தது. "பேசாம ஊட்லயே இரு. எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இதோட சரி. இனிமே உன்னையும் புள்ளைங்களையும் தனியா நாமக்கல்லுக்குக்கூட அனுப்ப மாட்டேன்" என்றான் தனபால். சொன்னால் சொன்னதுதான், அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ருக்குமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்றைக்குப் போகாவிட்டால் பிள்ளைகள் கடலைப் பார்க்கப் போவதில்லை. போய் ஏதாவது ஆகிவிட்டால் இனி எதையுமே பார்க்கப் போவதில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

வழியைப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டாள். சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கிழக்கே பார்த்து நடந்தால் கடல். ருக்குமணி ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ரயிலும் போர்டும் அவளுக்காகக் காத்திருக்காது. வனிதா கடகடவென்று படிப்பாள். ஆகவே வரிசையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சைதாப்பேட்டை ரோட்டில், ஆட்டோவுக்கும் பூக்கடைக்கும் நடுவே, நாலு பேரும் மரவள்ளிக் காட்டுக்குள் போவதுபோல ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஸ்டேஷனுக்குள் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நகரும் படியில் பூபதி இறங்க மறுத்தான்; பிறகு மறுபடியும் ஒருமுறை ஏறி இறங்கலாமா என்றான். வனிதா டிக்கெட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு போர்டைப் படித்து, சரியான பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ரயில் வந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. வனிதா ஏறினாள்.

சுமித்ரா ஏறவில்லை. ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே கறுப்பாக ஒரு சந்து தெரிந்தது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் முதுகில் பூபதி முட்டினான். "தாண்டு கண்ணு, தாண்டு" என்று ருக்குமணி பின்னால் இருந்து சொல்லும்போதே கீகீ என்று சத்தம் வந்தது. கதவு அசைந்தது. ருக்குமணி எட்டிச் சுமித்ராவின் கவுனைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வனிதாவின் முகம். வாய் என்னமோ சொல்கிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. ருக்குமணி கையைத் தூக்கினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு தரம் அமுக்கினாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா தெரியாது. ரயில் போய்விட்டது.

அந்த நிமிஷத்தில் ருக்குமணிக்கு வந்த பயம் மிளகு மரத்து உச்சியில் மூங்கில் வழுக்கியபோதுகூட வந்ததில்லை. மூன்று பேரைக் கண்ணெதிரில் வைத்துக்கொள்ளத்தான் கடைசியில் நடந்தாள். கடைசியில் நடந்ததால்தான் பிள்ளை போயிற்று. மலைப்பாதைக்குக் கதவு கிடையாது. இந்தப் பாதைக்குக் கதவு உண்டு என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. சீருடையில் இருந்த ஒரு பெண் ஓடிவந்தாள். சட்டையில் விமலா என்று பெயர் குத்தியிருந்தது. பிள்ளையின் பெயர், வயது, சட்டை நிறம் எல்லாம் கேட்டு வாக்கிடாக்கியில் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொன்னாள்.

"நீங்க இங்கேயே இருங்கம்மா. பாப்பாவை அங்க இறக்கி, எதிர் ரயில்ல ஆள் போட்டு இங்க கூட்டிட்டு வந்துடுவாங்க. நீங்க அந்தப் பக்கம் போய், அவ இந்தப் பக்கம் வந்தா மாறிப் போயிடும்."

நியாயமான பேச்சுதான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ருக்குமணி ஒரு கணம் யோசித்தாள்.

"அவ வர மாட்டாளுங்க. அடுத்த நிறுத்தத்துல எறங்கி உக்காந்திருப்பா. நான் போயி எழுப்புனாத்தான் எந்திரிப்பா."

"அம்மா, சின்னப் பிள்ளை. யூனிஃபார்ம் போட்டவங்க கூப்பிட்டா வந்துடும்."

"நீங்க கூப்பிட்டுப் பாருங்க. வர மாட்டா. நான் அடுத்த வண்டியில போறனுங்க."

விமலா அவள் முன்னால் வந்து வழி மறித்து நின்றாள். அதிலும் தப்பில்லை, அவள் வேலை அது. அடுத்த ரயிலின் வெளிச்சம் சுரங்கத்துக்குள் தெரிந்தது. ருக்குமணி சுமித்ராவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பூபதியின் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் பிறந்து ஏழு வருஷத்தில் நடக்கும்போது அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவன் விநோதமாக அண்ணாந்து பார்த்தான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. ஒரு ஆண்குரல் அலுப்போடு பேசியது. "பாப்பா இருக்கு மேடம். ஆனா தரையில உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அம்மா வருவாங்கன்னு மட்டும்தான் சொல்லுது. பிஸ்கட் குடுத்தாலும் வாங்கல. என்ன பண்றது?"

விமலா ருக்குமணியைப் பார்த்தாள். கதவு திறந்தது. விமலா விலகி வழிவிட்டு, தானும் கூடவே ஏறிக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் முன்னால் இல்லை, யாரும் பின்னால் இல்லை. எல்லோரும் ஒரே எட்டில் ஏறினார்கள்.

நந்தனத்தில் இறங்கியதும் பார்த்துவிட்டாள். மேடையின் ஒரு பக்கமாக, தான் இறங்கிய கதவுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது பிள்ளை. டிக்கெட்டைப் பிடித்த கை மூடியபடியே இருந்தது. பக்கத்தில் ஒரு காவலாளி பிஸ்கட்டும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அதுவரை அழாமல் இருந்த வனிதாவுக்கு அம்மாவைக் கண்டதும் உதடு பிதுங்கியது.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"

ருக்குமணி அத்தனை ஜனங்களுக்கு நடுவில் கீழே உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையில் இரண்டு முகத்தையும் துடைத்தாள்.

"நான் கையக் காட்டுனத பாத்தியா சாமி?"

"பாக்கல. நடுவுல ஒருத்தர் வந்து நின்னுட்டாரு."

"அப்புறம் எப்படி உக்காந்த?"

"நீ பின்னாலதான வருவே?" என்றாள் வனிதா, இதென்ன கேள்வி என்பது மாதிரி.

காவலாளி பிஸ்கட்டைப் பூபதியிடம் கொடுத்தார். அவனுக்கு எந்தக் கட்டளையும் இல்லாததால் உடனே பிரித்துவிட்டான். விமலா தன்மையாகச் சொன்னாள். "போதும்மா. எதிர்ப்பக்கம் ஏத்தி விடறேன். ஒரு ஸ்டேஷன்தான், பத்திரமா வீட்டுக்குப் போயிடுங்க."

திரும்பலாம். திரும்பினால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஆனால் ருக்குமணி மகளின் முகத்தைப் பார்த்தாள். வனிதா தலையைக் குனிந்துகொண்டு, பூபதிக்கும் பின்னால் போய் நின்றிருந்தாள். இனிமேல் முன்னால் போகக் கூடாது என்று அதுவாகவே முடிவு பண்ணிவிட்டது தெரிந்தது. கடலைப் பார்க்காமல் போவதைவிட இதுதான் ருக்குமணிக்குப் பொறுக்கவில்லை. தப்பு பிள்ளை மேல் இல்லையே. அது வழியைச் சரியாகத்தான் பார்த்தது.

"இல்லீங்க, நாங்க கடலுக்குப் போறோம்" என்றாள் விமலாவிடம். பிறகு, "வனிதா, முன்னால வா" என்றாள்.

"நீயே போம்மா."

"எனக்கு அந்த வேகத்துக்குப் படிக்க வருமா? நீதான் படிக்கோணும். கதவு இருக்கற எடத்துல மட்டும் நாலு பேரும் சேந்து போவோம். மத்த எடத்துல நீ முன்னால, நான் பின்னால."

வனிதா மெதுவாக நடந்து முன்னால் வந்து, நிமிர்ந்து போர்டைப் படித்தாள். "இன்னும் அஞ்சு ஸ்டேஷன் இருக்குதும்மா." விமலா அவர்கள் ஏறுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அரசினர் தோட்டத்தில் மேலே வந்ததும் ஆட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டாள் ருக்குமணி. ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் என்றார்கள். ஏற்றம் உண்டா என்று கேட்டாள். அவர்களுக்குக் கேள்வி புரியவில்லை. மேடு பள்ளமில்லாத ரோட்டில் நடப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போல இருந்தது. பிரிகிற இடத்திலெல்லாம் வனிதா நின்று, போர்டைப் படித்து, யாரையாவது கேட்டு, திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணிக்கொண்டாள். எண்ணச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கடல் வந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு மரம்கூட இல்லையே என்று ருக்குமணிக்குத் தோன்றியது. அப்புறம் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. முழங்கால் வரை நனைந்தாள். சுமித்ரா ஒவ்வொரு அலைக்கும் கத்தினாள். பூபதி தண்ணீரை நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டு, சந்தேகம் தீராமல் இன்னொரு தரம் நக்கினான்.

போன் அடித்தது. தனபால். கருப்பண்ணன் மத்தியானம் சாப்பிட வந்து பூட்டின வீட்டைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"எங்க இருக்கற?"

"கடல்ல."

"புள்ளைங்க?"

"மூணும் இருக்குதுங்க. வழியில ஒரு பயம் பயந்தோம், ஊட்டுக்கு வந்து சொல்றேன், ஒண்ணும் மறைக்க மாட்டேன்."

"அவ்ளோ பெரிய ஊர்ல யாரு உன்னையக் கூட்டிட்டுப் போனது?"

ருக்குமணி கரையைப் பார்த்தாள். வனிதா தம்பியையும் தங்கச்சியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அலைக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"வனிதா" என்றாள். "நான் பின்னால வந்தேன்."